‘ஆதரவற்றவர்’ என்று எழுத ஆச்சி சம்மதிக்கவில்லை

இ-சேவை மையத்துப் பெண் விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “ஆதரவற்றவர்தானே?” என்று கேட்டாள். பதிலை நான் சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் ஆச்சி முந்திக்கொண்டார். “யாரு ஆதரவு இல்லாதவ? எனக்குத் திருப்பூர்ல ராசா கணக்கா மவன் இருக்கான் தாயி.” பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது, ஏனெனில் முதியோர் உதவித்தொகை கேட்டு வந்த இடத்தில் சொல்லக் கூடாத ஒரே வாக்கியம் அதுதான்.

ஆச்சி எனக்கு உறவு இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் குடியிருக்கிறார். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊரில், தன் தலைமுறைப் பெண்களில் முக்கால்வாசிப் பேரைப் போல அவரும் பீடி சுற்றியே காலம் கழித்தவர். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், முக்கூடல், ஆலங்குளம், கடையம் என்று இந்தப் பக்கத்து ஊர்களில் எந்தத் தெருவுக்குப் போனாலும், மடியில் தட்டை வைத்துக்கொண்டு, பேச்சு ஒரு பக்கமும் விரல் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். வயலில் வேலை இருக்கும் நாள்கள் ஆண்டில் குறைவு. பீடிக்கு அந்தக் கணக்கு கிடையாது. எனவே நெல்லைச் சீமையின் பெண்கள் பலருக்கு வயிற்றுப்பாடும் மகளின் கம்மலும் அந்தத் தட்டிலிருந்துதான் வந்தன.

ஆச்சி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சுற்றியிருக்கிறார். அப்படியானால் அவருக்குத் தொழிலாளர் ஓய்வூதியம் உண்டே என்று கேட்பவர்கள், பீடிக்கடையில் சுற்றுபவர் பெயரில் போடும் கணக்குப் புத்தகம் எப்படி நடக்கிறது என்பதை அறியாதவர்கள். வீட்டில் இருந்து பீடி சுற்றுபவர்களும் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்துக்குள் வருவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் ஒரு வீட்டில் மூன்று பெண்கள் சுற்றினாலும் கடையில் புத்தகம் ஒன்றுதான் இருக்கும். ஆச்சி வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்தப் புத்தகம் மாமியார் பெயரில் இருந்தது. மாமியாருக்குக் கண் மங்கிப்போய் இலை வெட்ட முடியாமல் ஆன பிறகும், ஆச்சி சுற்றிய பீடி மாமியார் கணக்கிலேயே ஏறியது. மாமியார் இறந்ததும் அந்தப் பணத்தைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஆச்சிக்குப் புத்தகம் போட்டுத்தர எந்தக் கடையும் முன்வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் புத்தகத்தில் கூலிக்குச் சுற்றிக் கொடுத்தார். தாளில் பார்த்தால் அவர் வாழ்நாளில் ஒரு பீடிகூடச் சுற்றியதில்லை.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கு மாதம் 1000 ரூபாய் ஓய்வூதியம் வருகிறது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 2014 செப்டம்பரில் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை அது. ஓர் ஓய்வூதியம் வருவதால் அவர் முதியோர் உதவித்தொகையை நினைத்துப் பார்க்க முடியாது. ஆகவே, உழைத்ததற்குச் சான்று உள்ள பெண்ணுக்கு 1000 ரூபாயும், சான்று இல்லாத பெண்ணுக்கு, எல்லாம் கூடிவந்தால், 1200 ரூபாயும் கிடைக்கும் விசித்திரம் ஒரே முடுக்கில் நடக்கிறது. இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கியது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலம். மாதம் 20 ரூபாய். முதுமை, நோய், உடற்குறை, வேலையின்மை ஆகியவற்றில் அரசு தன் சக்திக்கு உட்பட்டு உதவ வேண்டும் என்று அரசியலமைப்பின் 41-ஆவது பிரிவு சொல்வதை ஒரு மாநிலம் பொருட்படுத்திய அடையாளம் அது. பிறகு ஒவ்வொன்றாகக் கிளை விட்டது: 1974-இல் மாற்றுத் திறனாளிகளுக்கு, 1975-இல் கணவரை இழந்தோருக்கு, 1981-இல் விவசாயத் தொழிலாளர்களுக்கு, 1986-இல் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு, 2008-இல் 50 வயது கடந்தும் திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு. மத்திய அரசு இந்தப் பொறுப்பில் பங்கெடுக்க வந்தது 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, தேசிய சமூக உதவித் திட்டத்தின் மூலம்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்பும் உறுத்தலும் சேர்ந்தே வரும். ஒரு பெண் எந்தெந்த வழியிலெல்லாம் தனித்துப் போகக்கூடும் என்று யோசித்துப் பார்த்த மனிதர்கள் அரசு அலுவலகங்களில் இருந்திருக்கிறார்கள். அது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்தப் பெயர்கள் எல்லாமே ஓர் இழப்பின் பெயர்கள். பணம் வேண்டுமென்றால் முதலில் அந்தப் பெயருக்குள் புகுந்துகொள்ள வேண்டும்.

ஆச்சியின் கணவர் பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர். இரண்டு தீபாவளிக்கு வந்தார், மூன்றாவது தீபாவளிக்கு வரவில்லை, பிறகு கடிதமும் வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இறந்துவிட்டார் என்பதற்குச் சான்று இல்லாததால் விதவை உதவித்தொகை கிடையாது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கணவரைப் பிரிந்து வாழும் பெண் என்ற வகையில் 1986-ஆம் ஆண்டுத் திட்டத்தில் அவருக்கு முப்பத்தைந்து வயதிலேயே உதவி கிடைத்திருக்கும். ஊரில் யாரோ அப்போது சொல்லவும் செய்திருக்கிறார்கள். ஆச்சி கேட்கவில்லை. “கைவிட்டுட்டாகன்னு நானே எழுதிக் குடுக்கவா? அவுக வந்து கேட்டா என்ன சொல்லுவேன்?” என்று இன்றைக்கும் கேட்கிறார். தாலிக்கயிற்றை ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கன்று ஆற்றில் குளித்துவிட்டு மாற்றிக்கொள்கிறார். அவரிடம் யார் வாதாடுவது?

மிஞ்சியது முதுமை. அதற்கும் ஆதார் அட்டை குறுக்கே நின்றது. அதில் அவருடைய பிறந்த தேதி 1966 ஜனவரி 1. பிறந்த தேதி தெரியாத கிழவிகளுக்கெல்லாம் ஜனவரி 1-ஆம் தேதிதான் பிறந்தநாள் என்பது எங்கள் ஊரில் நடக்கும் பழைய வேடிக்கை. முகாமில் இயந்திரத்தின் முன்னால் இருந்த பையன், ஆச்சியின் முகத்தைப் பார்த்து மதிப்பிட்ட ஆண்டு அது. கறுத்த தலைமுடி அவருக்குச் செய்த துரோகம். 2022-இன் தொடக்கத்தில் நாங்கள் விண்ணப்பிக்கப் போனபோது, அட்டைக் கணக்கில் அவருக்கு 56 வயது.

“தனுஷ்கோடி புயல் அடிக்கும்போது நான் ரெண்டாங் கிளாஸ்” என்றார் ஆச்சி, எதேச்சையாக. புயல் 1964 டிசம்பர். பிறந்த ஆண்டு 1966 என்றால் பிறப்பதற்கு முன்பே இரண்டாம் வகுப்பு படித்திருக்கிறார். பள்ளிக்கூடம் போனீர்களா என்று கேட்டேன். “சோத்துக்குப் போனேன்” என்றார். எட்டயபுரம் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1956-இல் காமராசர் அங்கே தொடங்கி வைத்த மதிய உணவுத் திட்டம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்து, ஆச்சியை மூன்றாம் வகுப்பு வரை இழுத்துப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்ப்போம் என்று போனோம். தலைமையாசிரியர் நல்ல மனிதர். பீரோவுக்கு மேல் சாக்கில் கட்டிக் கிடந்த சேர்க்கைப் பதிவேடுகளை இறக்கி, தூசியைத் தட்டி, இரண்டு சனிக்கிழமைகள் செலவழித்துத் தேடினார். 1963 ஜூன் மாதப் பக்கத்தில், நீல மசியில், ஆச்சியின் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் இருந்தன. பிறந்த தேதி 1957 மே மாதம். அதுவும் சேர்க்கைக்குத் தோதாக வாத்தியார் போட்ட தேதியாகத்தான் இருக்கும். ஆனால் முகாம் பையனைவிட வாத்தியார் குழந்தையைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்த்திருப்பார். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து ஆச்சியிடம் காட்டினேன். தன் பெயரை அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். ஒரு வேளைச் சோற்றுக்காக அரசாங்கம் எழுதி வைத்த பெயர், ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து அவருக்கு வயதைத் திருப்பித் தந்தது. பள்ளிச் சான்றை வைத்து ஆதாரைத் திருத்தி முடிக்க மேலும் நான்கு மாதங்கள் ஆயின.

இ-சேவை மையத்தில் நடந்த சம்பவம் அதற்குப் பிறகு. அன்று ஒரு வழியாக விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. இனி விசாரணை. கிராம நிர்வாக அலுவலர் பார்த்து, வருவாய் ஆய்வாளருக்கு அனுப்பி, அவர் பரிந்துரைத்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்றே இருக்கும் தனி வட்டாட்சியர் ஆணை பிறப்பிக்க வேண்டும். அலுவலர் ஒரு நாள் காலையில் வீட்டுக்கே வந்தார். கிராம முன்சீப் பதவியை எம்.ஜி.ஆர். அரசு 1980-இல் ஒழித்துவிட்டது. ஆச்சிக்கு மட்டும் அந்த இளைஞர் இன்னும் “முன்சீப்பு”தான். நாற்காலி இரவல் வாங்கிப் போட்டு, கடையில் கலர் வாங்கிக் கொடுத்து, தான் நின்றுகொண்டே பதில் சொன்னார்.

மகன் இருக்கிறாரா? இருக்கான். என்ன வேலை? பனியன் கம்பெனி. பணம் அனுப்புவாரா? இந்த இடத்தில் நான் ஆச்சியின் முகத்தைப் பார்த்தேன். மகன் பணம் அனுப்பி அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. அவனுக்கும் இரண்டு பெண் குழந்தைகள், வாடகை வீடு, கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. முதல்நாள் இரவு நான் ஆச்சிக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், உள்ளதைச் சொன்னால் போதும் என்று. ஆச்சி சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு, “அனுப்பாம இருப்பானா? பெத்த பிள்ளையில்லா” என்றார்.

அடுத்த வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். மகன் சோறு போடவில்லை என்று அவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டு அந்தத் தெருவில் அவர் மறுநாள் எப்படித் தண்ணீர் பிடிக்கப் போவார்? அதிகாரியின் கேள்வியில் தவறில்லை, விதி அப்படி. ஆதரிக்க வாரிசு இல்லை என்பதே வெகுகாலமாக இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. ஆனால் வறுமையை நிரூபிக்கும் விசாரணை எப்போதும் வாசலில், நாலு பேர் நடுவில், பட்டப்பகலில்தான் நடக்கிறது என்பது என் நீண்டநாள் மனத்தாங்கல். வருமான வரிக் கணக்கை யாராவது வாசலில் நின்று உரக்க வாசிக்கச் சொல்கிறார்களா?

விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. காரணம்: மகன் ஆதரவில் உள்ளார்.

அப்போது படித்த ஒருவர் வழி சொன்னார். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்திருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால், மகன் மாதம் 10,000 ரூபாய் வரை தர வேண்டும் என்று உத்தரவிட முடியும். வக்கீலும் வேண்டியதில்லை. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு தாயைத் தெருவில் விட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் சரியான சவுக்கு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூன்று நாள் கூலிக்காரனிடமிருந்து எதைப் பிடுங்கித் தாய்க்குத் தருவது? ஆச்சியிடம் அந்த யோசனையைச் சொன்ன அன்று, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நாங்கள் போனது ஜமாபந்திக்கு. வருவாய்த் தீர்வாயம் என்று பெயர்ப் பலகையில் எழுதியிருந்தாலும் மக்கள் வாயில் அது ஜமாபந்திதான்; ஜூனில் முடியும் பசலி ஆண்டின், அதாவது வருவாய்த் துறை ஆண்டின், கணக்குகளைத் தணிக்கை செய்ய மேல் அதிகாரி ஒருவர் வட்ட அலுவலகத்துக்கே வந்து உட்காரும் நாள்கள். பட்டா மாறுதல், ஓடை ஆக்கிரமிப்பு, சுடுகாட்டுப் பாதை என்று மனுக்களோடு ஊர் ஊராகக் கிளம்பி வருவார்கள். கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கும் போயிருக்கலாம். ஆனால் அங்கே கூட்டத்தில் ஆச்சியை நிறுத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை. மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்தில் ஆச்சி முன்பக்கமும் நான் பின்பக்கமுமாக, 2023-ஆம் ஆண்டு ஜமாபந்தியின் கடைசி நாளன்று போய்ச் சேர்ந்தோம்.

மனுவை நான்தான் எழுதினேன். மூன்று முறை கிழித்து எழுதினேன். ‘ஆதரவற்ற’ என்ற சொல்லைப் போடாமல் அந்த மனுவை எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை, எழுதிப் பார்த்தால்தான் தெரியும். கடைசியில், ‘மனுதாரரின் மகன் வெளியூரில் தினக்கூலியாக இருந்து தன் குடும்பத்தை மட்டுமே நடத்தும் நிலையில் உள்ளார், மனுதாரருக்குப் பீடித் தொழிலில் பார்வை குறைந்து வேலை செய்ய இயலவில்லை, வேறு வருமானம் இல்லை’ என்று எழுதினேன். வாசித்துக் காட்டியதும் ஆச்சி ஒரு சொல்லைத்தான் ஆட்சேபித்தார்: ‘தினக்கூலி’. அதை ‘பனியன் தொழிலாளி’ என்று மாற்றிய பிறகு கையெழுத்துப் போட்டார். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, கோலம் போட்டதுபோல இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மனுவை வாசித்துவிட்டு ஆச்சியை உட்காரச் சொன்னார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. மறுவிசாரணைக்கு எழுதினார். செப்டம்பரில் ஆணை வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான், 2011 முதல் 1000 ரூபாயாக இருந்த தொகையை மாநில அரசு 1200 ஆக உயர்த்தியிருந்தது. ஆகவே ஆச்சியின் முதல் மாதமே 1200 ரூபாயில் தொடங்கியது. ரேஷனில் மாதம் 4 கிலோ அரிசியும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலையும் இதோடு சேர்ந்தவை. அந்த 1200 ரூபாயில், எண்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். 2007-இல் எவ்வளவோ அதே தொகை. அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் இன்று வாக்காளர்கள். அந்த 200 ரூபாய்க்கு மட்டும் வயதே ஏறவில்லை. மாநிலம் தன் பங்கைப் போட்டு நிரப்பாவிட்டால் இது உதவித்தொகை அல்ல, வெற்றிலைக் காசு.

பணம் எப்படிக் கைக்கு வருகிறது என்பது தனிக் கதை. முன்பு தபால்காரர் மணியார்டரில் கொண்டுவருவார். பத்தோ இருபதோ எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார் என்று கிழவிகள் முணுமுணுத்தாலும், அவர் வரும் நாளில் முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். இப்போது வங்கிக் கணக்கு. வங்கிக்குப் போக முடியாதவர்களுக்காக, கையில் அடங்கும் ஓர் இயந்திரத்தோடு முகவர் ஊருக்கு வருகிறார்; விரலை வைத்தால் ரேகையைப் படித்துப் பணம் தரலாம். ஆச்சியின் விரலில் ரேகை இல்லை. நாற்பது ஆண்டுகளாகக் கத்தரிக்கோல் பிடித்து, இலையை உருட்டி, முனையை மடக்கி அழுத்தி, பெருவிரலும் சுட்டுவிரலும் கூழாங்கல்லைப் போல வழுவழுப்பாகிவிட்டன. முகவர் பத்து விரலையும் வைத்துப் பார்ப்பார். ஈரத்துணியில் துடைக்கச் சொல்வார், தலைமுடியில் தேய்த்துவிட்டு வைக்கச் சொல்வார். சில மாதங்களில் இடது கை மோதிரவிரல் அருள் புரியும். மற்ற மாதங்களில், “ரேகை விழ மாட்டேங்கு ஆச்சி, பேங்குக்கே போயிரும்” என்று அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

எந்தத் தொழில் அவருக்கு ஓய்வூதியப் புத்தகம் தரவில்லையோ, அந்தத் தொழிலே விரலையும் தேய்த்துவிட்டது. வங்கிக் கிளையில் மாற்று வழி உண்டு. சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கிளை எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பேருந்து இலவசம் என்றாலும் அரைநாள் இலவசம் இல்லை.

ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் இந்தப் பணம் சேர வேண்டும் என்று, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28-ஆம் தேதி உத்தரவிட்டது. தலைமுறைக்கணக்கில் கருணையாகக் கருதப்பட்ட ஒன்றை உரிமையாக்கிய உத்தரவு அது. எங்கள் ஊரில் எந்த மூதாட்டிக்கும் அந்த உத்தரவு தெரியாது. ஆனால் 7-ஆம் தேதி தாண்டியதும் எல்லாருக்கும் உள்ளுக்குள் ஏதோ தெரிந்துவிடும்; பேருந்து நிறுத்தத்துக் கல்லில் கூடி உட்கார்ந்து, “வந்துட்டா? உனக்கு வந்துட்டா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

1200 ரூபாயில் என்ன வரும் என்று கேட்கிறவர்களுக்கு ஆச்சியின் கணக்கைச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த அளவில். இரத்த அழுத்த மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைத்துவிடும்; கால் வலித் தைலமும் சொட்டு மருந்தும் வெளியில். காய்கறி, பால், சோப்பு, வெற்றிலை. மின்சாரம் 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடுவதால் கட்டணம் இல்லை. செவ்வாய்க்கிழமை அம்மன் கோவிலுக்கு ஐந்து ரூபாய்ச் சூடம். மாதம் 200 ரூபாய் பக்கத்து வீட்டுக்காரியிடம் சீட்டு. ஒரு காலத்தில் கடைக்காரரிடம் கடன் சொல்லி நின்றவர், இப்போது மளிகைக் கடையில் முதலில் காசை வைத்துவிட்டுத்தான் சாமான் பெயரைச் சொல்கிறார். இந்த ஒரு மாற்றத்துக்காகவே அத்தனை அலைச்சலும் தகும் என்று நான் நினைத்திருந்தேன்.

2024 தீபாவளி கழிந்த வாரத்தில் ஆச்சி ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. முடிச்சிட்ட கைக்குட்டையை அவிழ்த்து, நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து என் கையில் கொடுத்தார். சீட்டு எடுத்த பணம். திருப்பூரில் மகனுக்கு ஒரு மாதமாக வேலை இல்லையாம், மூத்த பேத்திக்குக் காய்ச்சலாம். என் கைப்பேசியிலிருந்து அவனுக்கு உடனே அனுப்பிவிட வேண்டும். அனுப்பினேன். போய்விட்டது என்பதற்கு அடையாளமாக வந்த பச்சைக் குறியைக் காட்டினேன். அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாசலில் யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“ஏய்யா, நான் மவனுக்குப் பணம் அனுப்புறது முன்சீப்புக்குத் தெரிஞ்சா, எனக்கு வாரத நிறுத்திருவாகளோ?”